எழுபத்திரண்டு

நாலு மா குறுவை.
மாவுக்குப் பதினெட்டு மூட்டை.
நாலு பதினெட்டு எழுபத்திரண்டு என்று
அறுப்பு மிஷின் கரையேறும் முன்பே சொல்லிவிட்டேன்.
பள்ளிக்கூடத்தில் ஏழெட்டில் தடுக்கி
ஐம்பத்துநாலில் விழுந்தவள்தான்.
நெல்லாக வந்தால் கணக்கு வந்துவிடுகிறது.

அதுவும் பாதிப் பொய்.
மடைவாய் மா இருபத்தொன்று கண்டது.
நடுவில் இரண்டும் இருபது இருபது.
மேட்டு மா, எலிக்குப் போக, பதினொன்று.
பெருக்கல் இதையெல்லாம் காதில் வாங்காது.
எல்லா மாவும் ஒரே மா என்று ஒப்புக்கொண்டால்தான்
வாயைத் திறக்கும்.
கூட்டலுக்குத்தான் பொறுமை உண்டு,
ஒவ்வொன்றாய்ப் பேர் சொல்லிக் கூப்பிட.

கொரடாச்சேரிக்குத் தெற்கே கொள்முதல் நிலையம்.
என் டோக்கன் நூற்றுப் பதினொன்று.
தராசில் ஏறியிருந்தது நாற்பத்தாறு.
சாக்கு இல்லை என்றார்கள் இரண்டு நாள்,
லாரி இல்லை என்றார்கள் மூன்று நாள்.
ரோட்டோரம் மூட்டைகளை நிமிர்த்தி
நாலு வரிசை, வரிசைக்குப் பதினெட்டாக நிறுத்தினேன்,
நிலம் கிடந்த மாதிரியே இருக்கட்டும் என்று.

ஆறாம் நாள் சாயங்காலம் கிழக்கே கறுத்தது.
தார்ப்பாய் ஒன்றுதான், வாடகை நாளுக்கு அறுபது.
இந்தக் கோடியை மூடினால் அந்தக் கோடி தெரிந்தது.
இழுத்தேன். இந்தக் கோடி தெரிந்தது.

அப்போதுதான் ஓரத்தை எண்ணினேன்.
நாலு பதினெட்டில் ஓரத்தில் நிற்பவை நாற்பது,
நடுவில் பதுங்கியவை முப்பத்திரண்டே.
எட்டு வரிசை, வரிசைக்கு ஒன்பது என்று நிறுத்தினால்
ஓரம் முப்பது.
ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை,
பத்து மூட்டை உள்ளே போய்விடுகிறது.
விடை ஒன்றுதான் டீச்சர்.
மழைக்கு மட்டும் வித்தியாசம் தெரிகிறது.

சிந்தின நெல்லைப் பெருக்குகிற மாரிக்கண்ணு
துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தாள்.
கூலி பேசவில்லை.
எனக்குத் தலைப்பக்கம், அவளுக்கு அடிப்பக்கம்.
பாதியைத் தூக்கி மறுபாதிக்குப் பக்கத்தில்:
நாலொன்பது முப்பத்தாறு தடவை குனிந்தோம்.
முப்பதாவதில் தூறல் பிடித்தது.
முப்பத்தாறாவதில்
தார்ப்பாய் நாலு பக்கமும் தரையைத் தொட்டது.
இரண்டு மூலையில் செங்கல்,
இரண்டு மூலையில் நாங்கள்.
மூன்று ராத்திரி
வெட்டாறு பெருகுகிற சத்தம்.

நாலாம் நாள் வெயில் வந்தபோது
வடகிழக்கு மூலை மூட்டை
அடியில் வெள்ளையாய் முளை விட்டிருந்தது.

எழுபத்தொன்று.
எப்படித் திருப்பினாலும் கட்டம் கட்டாத எண்.
இரண்டிரண்டாக நிறுத்தினால் ஒன்று மிஞ்சும்,
மும்மூன்றாக என்றால் இரண்டு,
நந்நான்காக என்றால் மூன்று.
ஒற்றை வரிசையாய் விட்டால் நிற்கும்,
எழுபத்தொன்றும் ஓரமாக.
நல்லவேளை, அதற்குள் என் டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

பட்டியல் போடுகிற இளவழகன் கால்குலேட்டரைத் தட்டினான்.
எழுபத்தொன்று, மூட்டைக்கு நாற்பது கிலோ,
இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பது.
பிறகு, தலை நிமிராமல்,
மூட்டைக்கு நாற்பது ரூபாய் என்றான்.
மறுபடி தட்டவில்லை.
விடை ஏற்கெனவே திரையில் இருந்தது.

பேரம் பேச வாய் எடுத்தேன்.
பின்னால் டோக்கன் நூற்றுப் பன்னிரண்டு
மூட்டையைத் தராசுக்கு நகர்த்திக்கொண்டிருந்தது.
எண்ணிக் கொடுத்தேன்.
ஐந்நூறில் ஐந்து, நூறில் மூன்று, நாற்பது சில்லறை.
அது கூட்டல்.
ஒவ்வொரு நோட்டையும் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.

முளைத்த மூட்டையை ரோட்டில் கொட்டினோம்.
மாரிக்கண்ணு துடைப்பத்தால் பரப்பினாள்,
லாரி வரும்போதெல்லாம் ஓரமாய்ப் பெருக்கினாள்,
போனதும் பரப்பினாள்.
காய்ந்ததும் பாதி உனக்கு என்றேன்.
அவள் குவியலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
மரக்கால் கொண்டாந்தியா என்றாள்.